உண்டியலில் பதினேழு வாஷர்

தீபாவளியை மன்னித்துவிடலாம். ஒரு வருஷம் அக்டோபரில் வரும், இன்னொரு வருஷம் நவம்பரில் வரும். 'காலண்டரைச் சரியாப் பார்க்கலை ஸார்' என்று சொல்லித் தப்பிக்க ஒரு சந்து இருக்கிறது. ஆனால் கிறிஸ்துமஸ்? எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து டிசம்பர் 25-ம் தேதிதான் வருகிறது. ஒரு வருஷம்கூட முன்னே பின்னே நகர்ந்ததில்லை. அப்படியிருந்தும் டிசம்பர் 20-ம் தேதி ராத்திரி, 'ஐயையோ, இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கா!' என்று அலறுகிறவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

முதல் கை என்னுடையது.

இத்தனைக்கும் நான் பி.காம். பற்று, வரவு, ஐந்தொகை எல்லாம் படித்துப் பாஸ் பண்ணியவன். குடியிருப்பது கேளம்பாக்கத்தில். எங்கள் தெருவில் பாதிப் பேர் சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிற பசங்கள். அவர்களுக்கு மாசம் பிறந்தால் சம்பளம். எனக்கு எழுதினால் சம்பளம்; எழுதியதை அவர்கள் போட்டால் சம்பளம்; போட்டதை அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் கவனித்தால்தான் சம்பளம்.

வீட்டம்மாவுக்குச் சொந்த ஊர் கோவளம். காதல் கல்யாணம். ஆகவே எங்கள் வீட்டில் தீபாவளியும் உண்டு, கிறிஸ்துமஸும் உண்டு. அது முடிந்து ஒரு வாரத்தில் நியூ இயர், அதற்கு இரண்டு வாரத்தில் பொங்கல். காதலிக்கும்போது மதம் குறுக்கே நிற்குமோ என்று பயந்தேனே தவிர, பட்ஜெட் குறுக்கே நிற்கும் என்று தோன்றவே இல்லை!

அதனால் போன வருஷம் நவம்பர் ஒண்ணாம் தேதியே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மேலே பிள்ளையார் சுழி, பக்கத்திலேயே ஒரு சிலுவை (வீட்டில் சமாதானம் முக்கியம்) போட்டு 'சிக்கன நடவடிக்கைகள்' என்று எழுதி அடிக்கோடு இட்டேன்.

முதல் நடவடிக்கை கீஸர். கேளம்பாக்கத்தில் குளிர்காலம் என்று தனியாக எதுவும் கிடையாது. மழை முடிந்து வெயில் மெடிக்கல் லீவு போடுகிற சில வாரங்களுக்கு அந்தப் பெயர், அவ்வளவுதான். ஆனால் காலையில் இரண்டு தாத்தாக்கள் மங்கி குல்லாய் போட்டுக்கொண்டு பால் வாங்க வந்துவிட்டால் போதும், எல்லார் வீட்டிலும் கீஸர் சிவப்பு விளக்கு எரியும். கணக்குப் பாருங்கள்: 2000 வாட்ஸ் கீஸர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நமக்கு இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங். ஆக ஒரு பில்லுக்கு 60 யூனிட். கரண்டு ரேட்டோ படிக்கட்டு மாதிரி, யூனிட் ஏற ஏறக் கூடவே ஏறும்.

"நாளையிலேருந்து பச்சைத் தண்ணி" என்று அறிவித்தேன்.

"முதல்ல நீங்க குளிங்க" என்றாள்.

குளித்தேன். நாலாம் நாள் மூக்கடைப்பு, ஐந்தாம் நாள் காய்ச்சல். டாக்டர் ஃபீஸும் மாத்திரையும் சேர்த்து 480 ரூபாய். அதைக் கொண்டு மிச்சப்பட்ட யூனிட்டை வகுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது நடவடிக்கை தக்காளி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளி செய்கிற அட்டகாசம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2021 நவம்பர் மழையில் சென்னையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். முன்ஜாக்கிரதையாக, "இனிமே தக்காளி கிடையாது, புளி ரசம்" என்றேன்.

"புளி என்ன ஓசியிலயா வருது?" என்று ஒரே கேள்வி. அந்த நடவடிக்கை ரசத்திலேயே கரைந்துவிட்டது.

அப்படி இப்படி என்று நவம்பர் கடைசியில் 900 ரூபாய் மிச்சம் காட்டியது நோட்டு. பெருமையாகப் படுத்துக்கொண்டு செல்போனைத் திறந்தேன். 'இன்னும் இரண்டு மணி நேரமே உள்ளது!' என்று ஒரு தள்ளுபடி விற்பனை. ப்ளூடூத் ஸ்பீக்கர், 2,999 ரூபாய். முப்பது நாள் புளி ரசம் முப்பது விநாடியில் காலி. அது வீட்டுக்கு வந்தபோது வீட்டம்மா கேட்டாள்: "ஏங்க, இது எந்த நடவடிக்கை?"

இதுவரை சொன்னது தமாஷ். இனிமேல் சொல்லப்போவதை நான் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

டிசம்பர் 15-க்குள் வரவேண்டிய ஒரு பேமென்ட் வரவில்லை. போன் பண்ணினால், "மேனேஜர் லீவுல இருக்கார் ஸார், ஜனவரியில கண்டிப்பா" என்றார்கள். 24-ம் தேதி சாயங்காலம் கோவளத்தில் மாமியார் வீட்டில் இருக்க வேண்டும். அத்தைக்குப் புடவை, ஒரு கிலோ ப்ளம் கேக். வெறுங்கையோடு போக முடியுமா? மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று இருக்கிறதே!

22-ம் தேதி ராத்திரி பதினோரு மணிக்கு, பீரோ மேலே இருந்த என் மகளின் தகர உண்டியல் என்னைப் பார்த்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஸ்கேட்டிங் ஷூவுக்காக ஒரு வருஷமாகச் சேர்க்கிறாள். வீட்டம்மாவின் சைடு பின்னை வளைத்து, ஓட்டை வழியாக ஒவ்வொரு நோட்டாக இழுத்தேன். பிறகு தலைகீழாகக் கவிழ்த்துக் காசுகளையும் எடுத்தேன். மொத்தம் 1,240 ரூபாய். அதில் பதினேழு பத்து ரூபாய் நாணயங்கள். 'ஜனவரியில் வட்டியோடு போட்டுவிடலாம்' என்று எனக்கு நானே உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். குலுக்கினால் சத்தம் வரவேண்டுமே? மறுநாள் காலை ஹார்டுவேர் கடையில் இரண்டு ரூபாய் வீதம் பதினேழு வாஷர் வாங்கிப் போட்டேன். திருட்டுக்கு முதலீடு 34 ரூபாய்!

24-ம் தேதி கோவளம். கார்மேல் மாதா கோயில் பக்கம் சீரியல் செட், தெருவெல்லாம் நட்சத்திரம், வீட்டில் அச்சு முறுக்கு வாசனை. அத்தை கையில் புடவையைக் கொடுத்தேன். "எதுக்கு மாப்ள இவ்ளோ செலவு" என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அப்போது என் மகள் தன் பையைத் திறந்து உண்டியலை வெளியே எடுத்தாள்.

"ஆயா, இதை இங்க வச்சு உடைக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். நாளைக்குக் கிறிஸ்துமஸ்ல!"

மச்சான் ஸ்குரூ டிரைவரால் அடி மூடியை நெம்பினான். தரையில் கலகலவென்று கொட்டியது. குழந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒன்றை விரலில் மோதிரம் மாதிரி மாட்டிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதப் பத்திரிகையில் இடம் போதாது.

அத்தைதான் முதலில் பேசினார். "காசா மாப்ள? எம்புட்டு?"

"ஆயிரத்து இருநூத்தி நாப்பது, அத்தை."

உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தார். உள்ளே மூன்று துணி முடிச்சு. ஒன்று தளர்ந்து காலியாக இருந்தது. அது பண்டிகை முடிச்சு. ஒன்று பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூட முடிச்சு. ஒன்று மழை முடிச்சு. அது மட்டும் குண்டாக இருந்தது.

என் மாமனார் கேளம்பாக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். கோவளம் ரோட்டில் உப்பங்கழிப் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் இருந்தால்தான் உப்பு. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தி எல்லாம் குளம். வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. மழைக்கால மாசங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்ததே 2022-ல்தான். அதற்கு முன்னால் அந்தக் குடும்பங்களுக்கு இருந்த நிவாரணம், வெயில் காலத்தில் கூலி வந்த அன்றைக்கே பிரித்துப் போட்ட இந்த முடிச்சுகள்தான்.

'சரி, மழை முடிச்சிலிருந்து குழந்தைக்குக் கொடுத்துவிடுவார், நாம் அத்தைக்குக் கடன்பட்டவராகிவிடுவோம்' என்று என் பி.காம். மூளை கணக்குப் போட்டது. அவர் டப்பாவை மூடிவிட்டார்.

"இதுல பணம் இருக்கு மாப்ள. ஆனா இது அதுக்கில்ல. கிறிஸ்துமஸ் இருபத்தஞ்சு. மறுநாள் இருபத்தாறு. அந்த வருஷம் ஞாயித்துக்கிழமை காலையில கடல் உள்ள வந்துச்சு. பண்டிகைக்குன்னு எல்லாத்தையும் செலவழிச்சிருந்தா அன்னிக்கு எங்களுக்குச் சோறு ஏது? பாப்பாவோட காசை நீங்கதான் குடுக்கணும்."

2004 டிசம்பர் 26-ஐச் சொல்கிறார். எனக்குத் தொண்டை அடைத்தது. 2015 டிசம்பரில் வெள்ளம், 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். இந்தக் கடற்கரையில் டிசம்பர் என்றால் கேக் மட்டும் இல்லை என்று அந்த அம்மாவின் டப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, என் நோட்டுக்குத் தெரியவில்லை.

இந்த முடிச்சுக்கு எங்கள் பாடப் புத்தகத்தில் 'சிங்க்கிங் ஃபண்டு' என்று பெயர். வரப்போகிற செலவுக்கு முன்கூட்டியே சிறுகச் சிறுக ஒதுக்குவது. வகுப்பில் புரொபஸர் சொன்னபோது, ஏதோ பாட்டுக் கச்சேரிக்கு வசூல் பண்ணுகிறார்கள் என்று கடைசி பெஞ்சில் பேசிக்கொண்டோம். நாற்பது மார்க்கில் தாண்டி வந்த பாடம், பிஸ்கட் டப்பாவில் திரும்ப வந்தது.

வெள்ளைக்காரனும் இதைச் செய்திருக்கிறான். 1909-ல் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து கார்லைல் ஊரில் ஒரு வங்கி 'கிறிஸ்துமஸ் கிளப்' என்று ஆரம்பித்தது. வாரா வாரம் கொஞ்சம் கட்டினால் பண்டிகைக்கு மொத்தமாகக் கைக்கு வரும். நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் தீபாவளி பண்டு பிடிக்கிறார்களே, அதே கதைதான். மாசாமாசம் கட்டினால் கடைசியில் மளிகை, பாத்திரம், பட்டாசு.

ஆனால் ஸார், சேர்ப்பது பாதிதான். யாரிடம் சேர்க்கிறோம் என்பது மீதிப் பாதி. பிரிட்டனில் ஃபேர்பேக் என்ற கம்பெனி இப்படித்தான் வருஷம் பூராவும் கிறிஸ்துமஸ் பணம் வசூலித்தது. 2006 அக்டோபரில், பண்டிகைக்கு இரண்டரை மாசம் இருக்கும்போது திவாலானது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கட்டிய பணம், சுமார் 3.7 கோடி பவுண்டு முடங்கியது. பெரும்பாலும் கூலிக் குடும்பங்கள். நம் பக்கத்திலும் பண்டு நடத்தியவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். சீட்டு நடத்த முன் அனுமதியும் பதிவும் வேண்டும் என்று 1982-லேயே சட்டம் வந்துவிட்டது. கட்டுவதற்கு முன்னால் அந்தப் பதிவைக் கேட்கிறவர்கள் எத்தனை பேர்? கேட்கக் கூச்சமாக இருந்தால் பேங்கிலோ போஸ்ட் ஆபீஸிலோ ஒரு ஆர்.டி. போடுங்கள். அங்கே கூச்சப்பட அவசியமே இல்லை.

தவிர, பணத்தோடு ஓடிப்போகிறவன் வெளியில்தான் இருப்பான் என்றும் இல்லை. சில வீடுகளில் ராத்திரி பதினோரு மணிக்கு சைடு பின்னோடு வருகிறான்!

குழந்தையின் 1,240 ரூபாயை மூன்று தவணையில் மார்ச்சுக்குள் அடைத்தேன். நான் கொடுத்த ஒவ்வொரு நாணயத்தையும் தரையில் போட்டுச் சத்தம் கேட்ட பிறகே அவள் உண்டியலில் போட்டாள்.

இந்த வருஷம் சிக்கன நடவடிக்கை எதுவும் கிடையாது. கீஸர் ஓடுகிறது, தக்காளி ரசம் கொதிக்கிறது. ஆனால் ஜனவரியிலிருந்து, எந்தப் பணம் அக்கவுண்ட்டில் ஏறினாலும் அன்றைக்கே நூற்றுக்குப் பத்து எடுத்து மூன்று கவரில் பிரிக்கிறோம்: மழை, பண்டிகை, பள்ளிக்கூடம். பேமென்ட் வராத மாசம் போடுவதில்லை. வந்த மாசம் விடுவதில்லை. உப்பளம் மாதிரிதான். குளிர் வந்து ஏ.ஸி. நின்ற பிறகு கரண்டு பில்லில் எவ்வளவு குறைகிறதோ, அந்த வித்தியாசமும் கவருக்குத்தான். இல்லாவிட்டால் அது ஸ்பீக்கராகிவிடும் என்பது அனுபவம். அத்தைக்குப் புடவை, கேக், மச்சான் குழந்தைகளுக்கு டிரஸ் எல்லாம் பண்டிகைக் கவருக்குள் அடங்க வேண்டும். அடங்காததை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். தேதி மாறப்போவதில்லையே!

கவர்களுக்குக் காவல் யார் என்று வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. எனக்கு ஒரு ஓட்டு, என்னுடையது. மகள் ஜெயித்தாள்.

போன வாரம் ஜவுளிக் கடையில் ஒரு புடவை பார்த்தேன். பண்டிகைக் கவரில் இருப்பதற்கு மேல் ஐந்நூறு ரூபாய்தான் அதிகம். மெதுவாக மகளிடம் போய், "பாப்பா, மழைக் கவர்லேருந்து ஐந்நூறு எடுத்துக் குடும்மா, அடுத்த வாரம் போட்டுடறேன்" என்றேன்.

ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தாள். வெளியே சுள்ளென்று வெயில்.

"மழை பெய்யுதாப்பா?"

"இல்லம்மா..."

"அப்ப கிடையாது."