பெற்றோர் விடுப்பு: இருவர் கடமை

தாம்பரம் தொடர்வண்டி நிலையத்திலிருந்து நாள்தோறும் பணிக்குச் செல்வோருள் ஆடவரும் மகளிரும் உளர். தாம்பரம் சானடோரியத்தில் 1984ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏற்றுமதி மண்டலத் தொழிற்கூடங்களும், மறைமலைநகர்த் தொழிற்சாலைகளும், சிறுசேரி, சோழிங்கநல்லூர்க் கணினி நிறுவனங்களும் இருபாலார் உழைப்பாலும் இயங்குகின்றன. கணவன், மனைவி இருவரும் ஈட்டினால்தான் வீட்டு வாடகையும் கடன் தவணையும் தீரும் என்னும் நிலை இப்புறநகர்க் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. ஆயினும், குழந்தை பிறந்ததும் பணியை விட்டு நீங்கி நிற்பவர் பெரும்பாலும் தாய் ஒருவரே.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. தமிழக அரசுப் பணியிலுள்ள மகளிர்க்கு 2021 முதல் 12 மாத விடுப்பு வழங்கப்படுகிறது. இவை போற்றத்தக்கவை. ஆனால், நடுவண் அரசில் பணியாற்றும் தந்தைக்குக் கிடைப்பது 15 நாள்களே. தனியார் நிறுவனத் தந்தைக்குச் சட்டம் ஒரு நாளும் உறுதி செய்யவில்லை. தந்தையர் விடுப்பிற்காக 2017இல் மக்களவையில் கொணரப்பட்ட தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வின் சுமை பெண்ணையே சேர்கிறது. விடுப்பு ஊதியம் முழுவதையும் வேலையளிப்பவரே தர வேண்டியிருப்பதால், இளம்பெண்ணைப் பணியில் சேர்க்கத் தயங்கும் நிறுவனங்கள் உண்டு. தாயின் நலனுக்கென இயற்றப்பட்ட சட்டமே அவள் வாய்ப்பைக் குறைக்கலாகுமா?

இதற்குத் தீர்வு காணும் வழி புதிதன்று. மகப்பேற்று உதவி குறித்து 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் உரையாற்றிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலன் என்றும், அச்செலவில் அரசும் பங்கேற்க வேண்டும் என்றும் வாதிட்டார். இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் ஏறத்தாழ அவ்வழியிலேயே இயங்குகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்காக, ஊதியத்தில் 3.25 விழுக்காட்டை வேலையளிப்பவரும் 0.75 விழுக்காட்டைத் தொழிலாளரும் செலுத்துகின்றனர். ஆண், பெண் அனைவர் பெயரிலும் சேரும் அப்பொது நிதியிலிருந்தே மகப்பேற்றுக்கால ஊதியம் வழங்கப்படுகிறது. எனவே, எந்த ஒரு நிறுவனமும் தனியே சுமை தாங்குவதில்லை. இந்நிதியை விரிவாக்கித் தந்தையர் விடுப்பிற்கும் ஊதியம் தருவதே நேரிய வழி.

விடுப்பைப் பகிர்தல் என்பது தாய்க்குரிய நாள்களைக் குறைத்தல் அன்று. பேற்றுக்குப்பின் உடல் தேறவும், முதல் ஆறு மாதம் தாய்ப்பாலூட்டவும் 26 வாரங்கள் இன்றியமையாதவை. குழந்தை பிறந்தவுடன் சில வாரங்களும், தாய் பணிக்குத் திரும்பிய பின்னர்ச் சில வாரங்களும் தந்தைக்குக் கூடுதலாக வாய்த்தல் வேண்டும்.

விடுப்பு கொடுத்தாலும் ஆடவர் அதனைப் பயன்படுத்துவரா என்று வினவுவோர் உளர். சுவீடன் நாடு 1974இலேயே விடுப்பைப் பெற்றோர் இருவர்க்கும் பொதுவாக்கியது. எனினும் தந்தையர் பலர் தம் பங்கைத் தாய்க்கே விட்டுக்கொடுத்தனர். 1995இல் ஒரு மாதம் தந்தைக்கென்றே ஒதுக்கப்பட்டு, அவர் எடுக்காவிடில் அது வீணாகும் என விதிக்கப்பட்டது. அதன்பின் விடுப்பெடுக்கும் தந்தையர் பெருகினர். இன்று அங்குள்ள 480 நாள்களுள் 90 நாள்கள் ஒவ்வொருவர்க்கும் தனியே உரியவை. மாற்றித் தர இயலாத உரிமையே பழக்கத்தை மாற்றும் என்பதை இது காட்டுகிறது.

குழந்தையைப் பேணுதல் ஆணுக்கு இழுக்கு என்பது தமிழ் மரபின் முடிவும் அன்று. காவிரி வெள்ளத்தால் வர இயலாத அன்னைக்கு மாற்றாகச் சிவபெருமானே தாயுருக்கொண்டு மகப்பேறு பார்த்தார் என்பது திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கோயில் வரலாறு. பேணுபவரே தாய் என்னும் உண்மை அப்பெயரிலேயே பொதிந்துள்ளது.

கட்டடப் பணியிலும் வீட்டு வேலையிலும் உழைக்கும் மகளிர்க்கு ஊதிய விடுப்பே இல்லை. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்தின்கீழ்ப் பணமும் பொருளுமாகக் கிடைக்கும் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியே பலர்க்கு ஆதரவு. பொது நிதி இவர்களையும் அணைத்துக்கொண்டாலன்றிச் சீர்திருத்தம் முழுமை பெறாது.

இன்றைய மாணவரே நாளைய பணியாளர். நாளைய பெற்றோரும் அவரே. குழந்தை இருவர்க்கும் உரியதாயின், அதனைப் பேணும் காலமும் இருவர்க்கும் உரியதாதல் வேண்டும்.