ஈ அறியாத எல்லை

ஓசூருக்குத் தெற்கே கெலமங்கலம் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர். கர்நாடக எல்லை அதிக தூரத்தில் இல்லை. ஆனால் மாட்டின் இரத்தத்தை உறிஞ்சும் ஈக்கும் கொசுவுக்கும் அந்த எல்லை ஒரு பொருட்டல்ல. சந்தைக்குச் சந்தை ஓட்டிச் செல்லப்படும் மாடோ நோயை இன்னும் வெகு தூரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

தோல் கழலை நோயைப் பாருங்கள். இன்று ஜாம்பியா என வழங்கும் ஆப்பிரிக்க தேசத்தில் 1929-ல் முதன் முதலாகக் காணப்பட்ட வியாதி இது. 2019-ல் ஒடிஷாவில் தலைகாட்டிற்று. 2022-ல் ராஜஸ்தான், குஜராத் முதலிய ராஜ்யங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் மாண்டன. பிழைத்த மாடுகளுக்கும் பால் வற்றிற்று.

ஒரு ஈயினால் விவசாயமே மாறிவிடக் கூடுமா என்று கேட்கலாம். ஆப்பிரிக்காவில் மாறியிருக்கிறது. ட்ஸெட்ஸி என்னும் ஈ பரப்பும் நாகனா நோயின் கிருமியை 1895-ல் டேவிட் புரூஸ் ஜூலுலாந்தில் கண்டறிந்தார். அதே இனத்துக் கிருமியொன்றை, அக்காலப் பஞ்சாபில் குதிரை, ஒட்டகங்களைக் கொன்ற சர்ரா நோயில், கிரிஃபித் எவான்ஸ் 1880-லேயே கண்டிருந்தார். ட்ஸெட்ஸி வாழும் இடத்தில் மாடு தங்குவது அரிது. மாடில்லையேல் ஏரில்லை, வண்டியில்லை, எருவில்லை. குடியானவன் மண்வெட்டியால் கொத்திப் பயிரிட வேண்டியதுதான். ஆகவேதான் எந்த ஈ எங்கே இருக்கிறது, எங்கே நோய் கண்டிருக்கிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் அக்கண்டத்துக்குப் படம் வரைந்து வருகிறது.

நம் தேசத்திலும் அத்தகைய பணி நடக்கிறது. பெங்களூர் எலகங்காவிலுள்ள தேசியக் கால்நடை நோய்ப் பரவியல் நிறுவனம், முன்பு நோய் கண்ட இடங்களையும் மழை, வெப்பம் முதலியவற்றையும் சேர்த்துக் கணித்து, எந்த ஜில்லாவில் எந்த நோய் வரக்கூடும் என்று இரண்டு மாதங்களுக்கு முன்பே எச்சரிக்கிறது. தடுப்பூசியை எங்கே முதலில் அனுப்புவது என்று தீர்மானிக்க இது பேருதவி.

ஆனால் நோய் கண்ட செய்தி மறைக்கப்பட்டால் படத்தில் அந்த ஊர் வெறுமையாகவே நிற்கும். ஏன் மறைக்கிறார்கள்? நோய் என்று தெரிந்தால் பால் வாங்குவோர் நின்றுவிடுவார்களே என்ற பயம்! இரண்டு பசுக்களை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்தப் பயம் இராதா? இங்கேதான் நம் இல்லங்களின் பொறுப்பு வருகிறது. தோல் கழலை நோய் மனிதருக்குத் தொற்றுவதில்லை. பாலை நன்றாகக் காய்ச்சிக் குடித்தால் போதும். வதந்தியைக் கேட்டுப் பால்காரரை நிறுத்திவிடாதீர்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியவையும் சில உண்டு: மாட்டின் தோலில் கட்டி கண்டால் அதைத் தனியே கட்டட்டும், சந்தைக்கு ஓட்ட வேண்டாம், தொழுவத்தில் சாணமும் நீரும் தேங்க விடவேண்டாம், நல்ல மாடுகளுக்கு முன்னதாகவே தடுப்பூசி போடட்டும். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் கால்நடை வைத்திய வண்டி வரும்.