ரெண்டு கையையும் நீட்டு பாஸ்!

நார்த் இண்டியா டூர் லிஸ்ட்ல டெல்லி, ஆக்ராவுக்கு அப்புறம் அமிர்தசரஸ் இருக்கா? பொற்கோயில்ல நாலு போட்டோ எடுத்தோமா, வாகா பார்டருக்குப் பஸ் ஏறினோமான்னு ஓடிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். லங்கர்ல ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போங்க.

வாசல்லயே செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கலாம், காசு கிடையாது. பசங்களோ பொண்ணுங்களோ, தலையைத் துணியால மூடணும். ஸ்டைலா கேப் போட்டுட்டுப் போனா செல்லாது! துணி இல்லைன்னா வாசல்லயே கிடைக்கும். காலை நனைச்சுட்டு உள்ளே போகணும். பாக்கெட்ல சிகரெட், பாக்கு சமாசாரம் எதுவும் வேண்டாம். குரு கிரந்த் சாகிப் இருக்கிற பக்கம் காலை நீட்டி உட்காரக் கூடாது. அவ்வளவுதான். நீ யாரு, என்ன மதம்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க.

லங்கர்னா பொதுச் சமையல், பொதுப் பந்தி. யார் பக்கத்துல யார் உட்கார்ந்து சாப்பிடலாம்னு சாதி முடிவு பண்ணின காலத்துல குரு நானக் ஆரம்பிச்சது. மூணாவது குரு அமர்தாஸ், 'முதல்ல பந்தி, அப்புறம்தான் என்னைப் பார்க்கிறது'ன்னு கறாரா சொல்லிட்டாராம். அக்பரே தரையில உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் அவரைப் பார்த்தார்னு சீக்கியர்கள் சொல்வாங்க.

நான் முதல் தடவை போனப்போ ஒத்தைக் கையை நீட்டினேன். ரொட்டிக் கூடையோட வந்த தாடிக்காரப் பெரியவர் போடலை, சிரிச்சுட்டே நின்னார். பக்கத்துல இருந்தவர் முழங்கையால இடிச்சார். ரெண்டு கையையும் சேர்த்து ஏந்தினப்புறம்தான் ரொட்டி விழுந்துச்சு. சுருக்குன்னு இருந்துச்சு... பிச்சையா வாங்கறோம்? நிமிர்ந்து பார்த்தா, எதிர் வரிசையில தங்க வாட்ச் கட்டின ஒருத்தர், அவரை ஒட்டி கிழிஞ்ச சட்டைக்காரர். ரெண்டு பேர் கையும் அதே மாதிரி ஏந்தியபடி!

ரொட்டி, தால், கீர்... கேட்கக் கேட்க வரும். ஆனா தட்டுல மிச்சம் வைக்காதீங்க.

வெளியே வந்தா தட்டுக் கழுவுற சத்தம் காதைப் பிளக்குது. தொட்டியைச் சுத்தி வரிசையா நிக்கிறாங்க, எல்லாரும் சேவைக்கு வந்தவங்க. நானும் போய் நின்னேன். ஒரு அம்மா ஒண்ணும் கேட்காம நகர்ந்து இடம் விட்டாங்க. ஹாஸ்டல்ல என் தட்டையே ஒழுங்கா கழுவாதவன் நான். அன்னிக்கு ஒரு மணி நேரம் கழுவினேன்.

சென்னைல இருக்கீங்களா? டி.நகர் ஜி.என்.செட்டி ரோட்டுலயும் குருத்வாரா இருக்கு. பெரிய கர்ச்சீப்பா எடுத்துட்டுப் போங்க.