மிதக்காத எண்ணெய்

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். ஆற்றில் எண்ணெய் கொட்டினால் மிதவைகளைப் போட்டு வளைத்து வழித்து எடுப்பதும் அந்தப் பாடத்தை நம்பித்தான். ஆனால் கனடாவின் எண்ணெய் மணலிலிருந்து வரும் எண்ணெய் விஷயத்தில் அந்தப் பாடம் பொய்த்துப் போகிறது.

சரி, எண்ணெய் மணல் என்றால் என்ன? ஆல்பர்ட்டா மாகாணத்தில் மணலோடு கலந்து கிடக்கும் பிட்டுமென். தார் போலக் கெட்டியாக இருக்கும் என்பதால் அப்படியே குழாயில் ஓடாது. லேசான ஹைட்ரோகார்பன் திரவங்களைக் கலந்து, இளக்கித்தான் அனுப்புகிறார்கள். குழாய் உடைந்தால் அந்த லேசான திரவம் ஆவியாகிவிடும். மிஞ்சும் பிட்டுமென் வண்டலோடு சேர்ந்து ஆற்றின் அடியில் போய்ப் படிந்துவிடும்.

2010 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இதுதான் நடந்தது. மார்ஷல் என்ற ஊருக்கு அருகே என்பிரிட்ஜ் நிறுவனத்தின் குழாய் உடைந்து, சுமார் 32 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டி, கலமசூ ஆற்றில் கலந்தது. எட்மண்டனில் இருந்த கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கைகள் வந்தன. ஊழியர்களோ அதைக் கசிவு என்று எண்ணாமல் இரண்டு முறை குழாயை மறுபடி இயக்கினார்கள். கொட்டியதில் 81 சதவீதம் அப்போது கொட்டியதுதான். வேறொரு நிறுவனத்தின் ஊழியர் போன் செய்து சொன்ன பிறகுதான், அதாவது 17 மணி நேரம் கழித்துத்தான், விஷயமே தெரிந்தது! இதில் வேதனை என்னவென்றால், 2005லேயே சோதனையில் அந்தக் குழாயின் பழுது கண்ணில் பட்டிருந்தது.

ஆற்றின் அடியைத் தூர்வாரும் வேலை 2014 வரை நீண்டது. செலவு 100 கோடி டாலருக்கும் மேல்.

"ரயிலில் கொண்டுபோவதைவிடக் குழாய் பாதுகாப்பானது" என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2013ல் கியூபெக்கின் லாக்-மெகாண்டிக் ஊரில் எண்ணெய் ரயில் தடம் புரண்டு 47 பேர் இறந்தார்கள். ஆனால் குழாய் எத்தனை முறை உடையும் என்பது மட்டும் கேள்வியல்ல. உடைந்தால் கொட்டியதைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதும் கேள்வி.

குழாய் தொடங்கும் இடத்திலும் இதே கதைதான். ஆல்பர்ட்டாவின் கேர்ல் சுரங்கத்தில் கழிவுநீர்க் கசிவு 2022 மே மாதமே தெரிந்தது. ஃபோர்ட் சிப்பவையன் பகுதிப் பழங்குடி மக்களுக்கு முழு விவரம் கிடைத்ததோ 2023 பிப்ரவரியில். அதற்குள் 53 லட்சம் லிட்டர் கழிவுநீர் வேறு தனியாக வழிந்தோடியிருந்தது. அந்த மாதங்களிலும் அவர்கள் அங்கே மீன் பிடித்தார்கள், வேட்டையாடினார்கள்.

இதற்கிடையே 2024 மே மாதம் டிரான்ஸ் மவுண்டன் விரிவாக்கம் இயங்கத் தொடங்கியது. எட்மண்டனிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் அந்தக் குழாய்வழியின் திறன் நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாயிலிருந்து 8,90,000 ஆனது.

எண்ணெயே வேண்டாம் என்று உலகம் நாளைக்கே சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் அனுமதி கொடுக்குமுன் மூன்று விஷயங்களையாவது கட்டாயமாக்கலாம். குழாயில் என்ன ஓடுகிறது என்பது கரையோர ஊர்களுக்கு முன்பே தெரிய வேண்டும். அடியில் படியும் எண்ணெயை எடுக்கும் வழி கையில் இருக்க வேண்டும். கசிவு என்று சந்தேகம் வந்தாலே குழாயை நிறுத்த வேண்டும். இதைக்கூடச் செய்ய முடியாது என்றால், அந்தக் குழாயைப் பாதுகாப்பானது என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?