சிக்காகோவின் இரு பாசறைகள்

சிக்காகோ என்றதும் நம்மவர் நெஞ்சில் எழுவது 1893இல் விவேகானந்த சுவாமிகள் ஆற்றிய சொற்பொழிவே. அந்நகரத்தாரோ பங்குனி இறுதி நெருங்கினால் பேஸ்போலைப் பற்றியே பேசுவர். கிரிக்கெட்டைப் போல மட்டையும் பந்தும் கொண்ட ஆட்டந்தான். ஆயின் ஒரு பருவத்தில் ஒவ்வொரு குழுவும் 162 ஆட்டங்கள் ஆடவேண்டும்!

வடபாகத்தார் ‘கப்ஸ்’ குழுவையும், தென்பாகத்தார் ‘வைற் சொக்ஸ்’ குழுவையும் தமதெனக் கொள்வர். தந்தை எப்பக்கமோ, பெரும்பாலும் மைந்தனும் அப்பக்கமே.

புதிய பருவத்தை எண்ணுங்கால் கப்ஸின் கையே ஓங்கித் தோன்றுகின்றது. 2025இல் அவர்கள் ஈட்டிய வெற்றிகள் 92. வைற் சொக்ஸ் 2024இல் 121 ஆட்டங்களில் தோற்றனர். அதற்கு முன்னர் இருபதாம் நூற்றாண்டு முழுவதிலும் எக்குழுவும் ஒரே பருவத்தில் அத்தனை தோல்வி கண்டதில்லை. 2025இல் தோல்விகள் 102 ஆகக் குறைந்தன. இதனை முன்னேற்றம் என்றால் வடபாகத்தார் நகைப்பர், நாம் நகைக்கமாட்டோம். 41 வெற்றிகளை 60 ஆக்குதல் எளிய காரியமன்று.

வடபாகத்தார் 1906ஐ மறத்தலும் ஆகாது. அவ்வாண்டு 116 வெற்றிகளோடு உலகத் தொடருக்கு வந்த கப்ஸை எதிர்த்தவர், மட்டை வலிமை அற்றவரென எள்ளப்பட்ட வைற் சொக்ஸ். ஆறு ஆட்டங்களில் நான்கை வென்று பட்டத்தைத் தெற்கே கொண்டுசென்றவர் அவர்களே! அடுத்த நூறாண்டுகளில் உலகத் தொடர் இவ்விருவரையும் மறுபடி எதிரெதிரே நிறுத்தவில்லை.

பருவ முடிவில் கப்ஸே மேல்நிற்கும் என்பது நம் கணிப்பு. ஆயின், இரு குழுவும் நேருக்குநேர் மோதும் அச்சில நாட்களில் வெற்றி எப்பக்கமெனக் கூற நாம் துணியோம்.