ஃபார்மட் பண்ணிடலாம் சார்!

உங்கள் வீட்டில் கேம்ஸ் ஆடுகிற பையனோ பெண்ணோ இருந்தால் இந்த வாரப் பக்கம் உங்களுக்குத்தான். இல்லாவிட்டாலும் படியுங்கள். ஏமாறுவதற்கு வயது வரம்பு கிடையாது.

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் வருஷம். கடையில் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துப் பட்டென்று அணைந்துவிடும். நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. தானாகவே மறுபடி ஸ்டார்ட் ஆகும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

"வைரஸ்தான் தம்பி. ஃபார்மட் பண்ணிடலாம்."

ஐந்நூறு ரூபாய். ஒரு வாரம் கழித்து அதே கதை. மறுபடி ஃபார்மட், மறுபடி ஐந்நூறு. மூன்றாவது தடவை டி டிரைவையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். என் அப்பா சாவதற்கு ஒரு மாதம் முன்பு, பேத்தி காதுகுத்தில் பேசிய வீடியோ அதில்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை. "கேம் ஆடி ஆடியே கெடுத்துட்டான் பாவி" என்று அக்கா அழுதாள். பையன் என்னிடம் வந்து, "நான் ஒண்ணுமே பண்ணல மாமா" என்றான்.

அவன் ஒன்றும் பண்ணவில்லைதான். விண்டோஸும் பண்ணவில்லை. குற்றவாளி கேபினட்டுக்குள் மூலையில் உட்கார்ந்திருந்தது. பெயர் எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கிற தகர டப்பா.

கண்டுபிடிக்க விஞ்ஞானி தேவையில்லை. யோசித்தால் போதும். டைப் அடிக்கும்போது, சினிமா பார்க்கும்போது ஒழுங்காக ஓடுகிறது. கனமான கேம் போட்டால்தான் சாகிறது. டிரைவர் கோளாறு என்றால் பெரும்பாலும் ஆட்டம் மட்டும் மூடிக்கொள்ளும், அல்லது நீலத் திரை வரும். சுவிட்சை அணைத்த மாதிரி மொத்தமும் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தை.

விண்டோஸ் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்று இருந்தது. அதைக் காட்டித்தான் கடைக்காரர் "பாருங்க, விண்டோஸ் எரர்" என்றாராம். அந்த 41 சொல்வது, முறைப்படி ஷட் டவுன் ஆகாமல் நின்றுவிட்டது என்பதை மட்டும்தான். பிணத்தின் மேல் 'இறந்துவிட்டார்' என்று சீட்டு ஒட்டிய மாதிரி. எப்படி இறந்தார் என்று அதில் இருக்காது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். முதலில் யு.பி.எஸ்ஸை விலக்கி நேராக சுவர் பிளக்கில் மாட்டினோம். 600 வி.ஏ. யு.பி.எஸ். என்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், அதுவே காரணமாக இருக்கலாம். இல்லை, மறுபடி அணைந்தது. ராத்திரி முழுக்க மெமரி சோதனை ஓட்டினோம். பிழை இல்லை. சூடும் அளவோடுதான். பிறகு மல்ட்டிமீட்டரை மஞ்சள், கறுப்பு ஒயர்களில் வைத்துப் பார்த்தோம். சும்மா இருக்கும்போது 11.9 வோல்ட். கேம் ஓடும்போது 11.2. அடுத்த நொடி இருட்டு. 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது ஏ.டி.எக்ஸ். விதி.

ஒரு எச்சரிக்கை. மீட்டரில் சரியாகக் காட்டினாலும் எஸ்.எம்.பி.எஸ். நிரபராதி என்று விட்டுவிடாதீர்கள். கண் இமைப்பதற்குள் விழுந்து எழும் சரிவை மீட்டர் பிடிக்காது. நல்லது என்று தெரிந்த வேறொன்றை மாட்டிப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. நண்பனிடம் கடன் வாங்கி மாட்டினான். நாலு மணி நேரம் ஆடினான். அசையவில்லை.

பழைய டப்பாவைக் கழற்றி அதன் பக்கவாட்டைப் படித்தோம். கொட்டை எழுத்தில் 500 வாட். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட், 18 ஆம்பியர். பெருக்குங்கள்: 216 வாட்! பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் தின்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டைத்தான். அவன் வைத்திருந்த ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு மட்டும் 170 வாட். ஐ5-12400எஃப் பிராசஸர் முழு வேகத்தில் 117. மொத்தம் 287. நூறு பேருக்குச் சமைத்துவிட்டு முந்நூறு பேரைப் பந்தியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்?

இதில் கடைக்காரர் மட்டும்தான் திருடர் என்றால் எனக்குச் சுலபம். "கேபினட்டோட எஸ்.எம்.பி.எஸ். ஃப்ரீயா வருதா?" என்று கேட்டது யார்? நாம்தான். கார்டுக்கு முப்பதாயிரத்தை யோசிக்காமல் எடுத்து வைப்போம். அதற்குச் சோறு போடுகிற டப்பாவை ஓசியில் கேட்போம். 500 என்று பெரிதாக அச்சடிக்கிறவனுக்கு நம் பலவீனம் தெரியும்.

ஆனால் பழுது பார்க்கிறேன் என்று காசு வாங்குகிறவருக்கு ஒரு கடமை உண்டு. ஜுரம் என்று வந்தவனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஆபரேஷன் பண்ணுகிறவரை டாக்டர் என்போமா? சோதிக்காமல் ஃபார்மட் செய்வதும் அதுதான். பத்து நிமிஷம் ஒரு மாற்று எஸ்.எம்.பி.எஸ். மாட்டிப் பார்த்திருந்தால் போதும்.

ஆகவே அடுத்த முறை வாங்கும்போது பெரிய எழுத்தை விட்டுவிட்டு, 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லது. ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்றுதான், முழுத் தரச் சான்று அல்ல. கெட்டுப்போனதைத் திறந்து நோண்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். முக்கியமாக, ஃபார்மட் என்ற சொல் காதில் விழுந்ததும், "எதைச் சோதிச்சுப் பாத்து இப்படிச் சொல்றீங்க?" என்று கேளுங்கள்.

நாலாயிரம் ரூபாய் சொச்சத்தில் புது எஸ்.எம்.பி.எஸ். வந்துவிட்டது. அக்கா மகனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டாள். அப்பாவின் குரலை எந்தக் கடையில் வாங்குவது என்றுதான் தெரியவில்லை.