காசு கேட்காத பெட்டி

25 சென்ட் நாணயம் போட்டால்தான் உயிர்பெறும் ஆளுயர ஆர்கேட் வீடியோகேம் பெட்டிகள் அமெரிக்க வீடுகளில் குடியேறிவிட்டன. பழைய பெட்டியை வாங்கியவருக்கு இரண்டு வழிகள். ஈரத்தில் ஊதிய அடிப்பலகையையும் காய்ந்த கெபாசிட்டர்களையும் மாற்றி, அசலாகவே மீட்பது ஒன்று. உள்ளிருப்பதை உருவிவிட்டு, நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டரைப் பொருத்துவது மற்றது. 1997-ல் இத்தாலியர் நிகோலா சல்மோரியா வெளியிட்ட 'மேம்' மென்பொருள் இரண்டாவது வழியைச் சுலபமாக்கியது.

பழைமைப் பிரியர்களுக்கு இது கொலைக்குச் சமம். ஆனால் உருமாற்றம் இந்தப் பெட்டிகளுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் விற்காமல் தேங்கிய 'ரேடார் ஸ்கோப்' பெட்டிகளை மாற்றித்தான் 1981-ல் நின்டெண்டோ 'டாங்கி காங்'கைக் களமிறக்கியது, அமோக வெற்றி.

அன்று சர்க்யூட் போர்டு மாறியது. பிக்சர் ட்யூப் தப்பியது. இன்று எல்சிடி திரைக்காக முதலில் பலியாவது ட்யூப்தான். அதைத் தயாரித்த பெரிய ஆலைகளோ மூடப்பட்டுவிட்டன. போர்டையும் ட்யூபையும் குப்பையில் எறியாமல் பரணில் வைத்தால், பெட்டி என்றாவது பழைய உருவுக்குத் திரும்பலாம்.

கழற்றுவதை மட்டும் விவரமறிந்தவரிடம் விடுவது நல்லது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும். காசு கேட்காத பெட்டி, உயிரைக் கேட்டுவிடும்.